குளிரையும் தொடுகையையும் உணரும் ஏற்பிகள்

ஆர்டம் பட்டபூட்டியன் (பிறப்பு: 1967), லெபனானின் பெய்ரூட் நகரில் பிறந்த அமெரிக்க மூலக்கூறு உயிரியலாளர், நரம்பியல் அறிஞர். வெப்பநிலையையும் தொடுகையையும் உணரும் ஏற்பிகளைக் கண்டறிந்ததற்காக 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இவருக்கும் டேவிட் ஜூலியஸுக்கும் வழங்கப்பட்டது. இவ்வாய்வின் முடிவுகளைத் தென்காசியை அடுத்த குற்றாலத்தில் அருவிக் குளியல் போடுபவரைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

ஏற்பி என்பது

தோலில் முடியும் நரம்புகளின் சவ்வில் சில புரதங்கள் பதிந்துள்ளன. இவை மூடிய கதவுகளைப் போன்றவை. தமக்குரிய தூண்டல் வந்தால் திறக்கும். திறந்ததும் சோடியம், கால்சியம் முதலிய அயனிகள் உள்ளே பாய்ந்து மின்குறிப்பை உண்டாக்குகின்றன. அது நரம்பு வழியே மூளையை அடைகிறது.

குளிர்

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் ஆகஸ்டு வரை குற்றாலத்தில் சாரல் காலம். அருவி நீர் பட்டுத் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 26 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் 'டி.ஆர்.பி.எம்.8' என்னும் ஏற்பி திறக்கிறது. பட்டபூட்டியனும் ஜூலியஸும் 2002இல் தனித்தனியே இதைக் கண்டறிந்தனர். மென்தாலும் இதே கதவைத் திறக்கும். தைலம் தடவிய நெற்றி சூடு குறையாமலே குளிர்வது இதனால்தான். சூட்டை உணரும் 'டி.ஆர்.பி.வி.1' ஏற்பியை ஜூலியஸ் 1997இல் கண்டறிந்தார். மிளகாயிலுள்ள கேப்சைசின் அதைத் திறப்பதால், குளித்துவிட்டுத் தின்னும் மிளகாய் பஜ்ஜி ஆறிய பின்னும் நாக்கில் எரிகிறது.

தொடுகை

நுண்குழலால் அழுத்தினால் மின்குறிப்புத் தரும் எலி உயிரணுக்களைப் பட்டபூட்டியனும் பெர்ட்ரான் கோஸ்டும் தேர்ந்தெடுத்தனர். காரணமாக இருக்கக்கூடிய 72 மரபணுக்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்தனர். பட்டியலின் கடைசி மரபணுவை முடக்கியபோதுதான் உயிரணு அழுத்தத்தை உணராமல் போனது. அழுத்தம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லையொட்டி அதற்கு 'பீசோ1' எனப் பெயரிட்டனர். அதையொத்த 'பீசோ2'வையும் சேர்த்து 2010இல் வெளியிட்டனர். சாரல் துளி தோலில் படுவது போன்ற மென்மையான தொடுகைக்கு முதன்மையான ஏற்பி பீசோ2.

கண்ணை மூடினால்

பேரருவியின் கீழ் நிற்பவர் கண்களை இறுக மூடியிருப்பார். பாறையில் கால் எங்கே ஊன்றியிருக்கிறது, கம்பியைப் பிடித்த கை எந்த உயரத்தில் இருக்கிறது என்பது பார்க்காமலே அவருக்குத் தெரியும். இது உடல்நிலை உணர்வு. தசைகளில் முடியும் நரம்புகளிலுள்ள பீசோ2 இதற்கும் இன்றியமையாதது.

பிறவியிலேயே பீசோ2 செயல்படாத இரு நோயாளிகளைப் பற்றிய ஆய்வு 2016இல் அமெரிக்காவில் வெளியானது. பார்வையின் துணையோடு அவர்களால் நடக்கவும் எழுதவும் முடிந்தது. கண்ணைக் கட்டியதும் தடுமாறினர். ஐம்புலன்களின் பட்டியலில் இடம்பெறாத இவ்வுணர்வு இல்லையெனில், அருவியின் கீழ் கண் மூடி நிற்பதே அரிதாகிவிடும்.

மருத்துவப் பயன்

சிறுநீர்ப்பை நிறைவது, இரத்த அழுத்தம் மாறுவது, நுரையீரல் விரிவது ஆகியவற்றை உடல் அறிவதிலும் பீசோ புரதங்களுக்குப் பங்குண்டு. நாட்பட்ட வலிக்குப் புதிய மருந்து தேடும் ஆய்வுகள் இவ்வேற்பிகளை மையமாகக் கொண்டு நடைபெறுகின்றன.