பயன் கழிந்த கருவிகள்

மனிதன் ஆக்கும் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு உண்டு. குயவர் வனைந்த பானை உடைந்தால் ஓடாகி, நாளடைவில் மண்ணோடு கலக்கும். தேய்ந்த கொழு கொல்லர் உலைக்குச் சென்று அரிவாளாகத் திரும்பும். நசுங்கிய பித்தளைக் குடத்தைப் பாத்திரக் கடையில் கொடுத்துப் புதுக்குடம் வாங்குவது தமிழர் இல்லங்களில் நெடுங்கால வழக்கம். பழம்பொருள்கள் சென்று சேர வேண்டிய இடத்தை முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். ஆனால் இக்காலத்தில் வீடுதோறும் அலுவலகந்தோறும் புகுந்துள்ள மின்னணுக் கருவிகளின் முடிவு அத்துணை எளியதன்று. கைப்பேசி, கணினி, தொலைக்காட்சிப் பெட்டி, அச்சுப்பொறி முதலியன பழுதுற்றால் அவற்றைப் பரண்மேல் போட்டுவைப்பார் சிலர். குப்பைத் தொட்டியில் எறிவார் சிலர். கிடைத்த விலைக்குக் காயலான் கடையில் போடுவார் சிலர். இம்மூன்றும் தக்க வழிகள் அல்ல.

இவ்வாறு கழிக்கப்படும் கருவிகளை மின்னணுக் கழிவு என்பர். ஐக்கிய நாடுகள் அமைப்பைச் சார்ந்த நிறுவனங்கள் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவு உண்டாயிற்று. அதில் முறையாகத் திரட்டப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது நூற்றுக்கு 22.3 பங்கே ஆகும். எஞ்சியவற்றுள் ஒரு பகுதி வீடுகளில் முடங்கிக் கிடக்கின்றது. ஒரு பகுதி குப்பைமேடுகளில் புதைகின்றது. மற்றொரு பகுதி நெறிமுறையற்ற பட்டறைகளுக்குச் செல்கின்றது.

பயன் கழிந்த கருவி ஒன்றனுள் மூன்று பொருள்கள் ஒருங்கே அடங்கியுள்ளன. ஒன்று செல்வம், மற்றொன்று நஞ்சு, மூன்றாவது மறைச்செய்தி. இம்மூன்றனையும் அறிந்தவரே அக்கருவிக்கு முறையாக விடைகொடுக்க வல்லவர்.

முதற்கண் செல்வத்தைக் காண்போம். மின்சுற்றுப் பலகைகளில் செம்பும், பொன்னும், வெள்ளியும், பல்லேடியமும் பயன்படுகின்றன. பொன் துருப்பிடியாது, மின்சாரத்தை நன்கு கடத்தும். ஆதலின் நுண்ணிய இணைப்புகளுக்கு அதனை மெல்லிய பூச்சாக இடுகின்றனர். ஒரு கைப்பேசியில் உள்ள பொன் மிகச் சிறிதே. ஆயினும் பத்து இலட்சம் கைப்பேசிகளிலிருந்து ஏறத்தாழ 34 கிலோகிராம் பொன்னும், 350 கிலோகிராம் வெள்ளியும், 15 கிலோகிராம் பல்லேடியமும், 15 டன்னுக்கு மேற்பட்ட செம்பும் மீட்கலாம் என அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் கணக்கிட்டுள்ளது. சிறுதுளி பெருவெள்ளம் என்னும் பழமொழி இங்குப் பொருந்துவதாம்.

அடுத்தது நஞ்சு. பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளின் படக்குழாய்க் கண்ணாடியில் காரீயம் மிகுதியாகக் கலந்துள்ளது. பழைய மின்சுற்றுப் பலகைகளின் பற்றாசிலும் காரீயம் உண்டு. தட்டைத் திரைகள் தோன்றிய தொடக்கத்தில் அவற்றுக்கு ஒளியூட்டிய குழல்விளக்குகளில் பாதரசம் இருந்தது. சிலவகை மின்கலங்களில் காட்மியம் உள்ளது. இவை கருவிக்குள் அடங்கியிருக்கும்வரை தீங்கு செய்வதில்லை. கருவியை உடைக்கும்போதும், எரிக்கும்போதும், அமிலத்தில் தோய்க்கும்போதும் அவை வெளிப்பட்டுக் காற்றிலும் நீரிலும் மண்ணிலும் கலக்கின்றன.

நெறிமுறையற்ற பட்டறைகளில் நிகழ்வது இதுவே. தில்லி மாநகரின் சீலம்பூர்ப் பகுதி பழைய கருவிகளைப் பிரித்தெடுக்கும் தொழிலுக்குப் பெயர்போனது. இத்தகைய இடங்களில் செம்பைப் பெறுவதற்காகக் கம்பிகளின் மேலுறையை எரிப்பதுண்டு. அவ்வுறை எரியும்போது டையாக்சின் என்னும் கொடிய நச்சுப் பொருள்கள் புகையுடன் எழுகின்றன. பொன்னைப் பிரித்தற்குப் பலகைகளைக் கையுறையுமின்றி அமிலத்தில் இடுவதுமுண்டு. அமிலத்தின் எஞ்சிய நீர் சாக்கடையிற் சேர்கின்றது. வேறு பிழைப்பில்லாத ஏழை மக்களே இத்தொழிலில் உழல்கின்றனர். அவர்கள் உழைப்பால்தான் கழிவின் பெரும்பகுதி திரட்டப்படுகின்றது. குற்றம் அவர்பால் இல்லை. அவர்களுக்குத் தக்க கருவியும் காப்பும் அளிக்கப்படாமையே குற்றம்.

சீன நாட்டின் குவாங்டாங் மாநிலத்தைச் சேர்ந்த குயியு என்னும் ஊர் ஒருகாலத்தில் உலகின் மிகப்பெரிய மின்னணுக் கழிவுப் பட்டறையாக விளங்கிற்று. அவ்வூரில் ஆறு வயதுக்கு உட்பட்ட 165 சிறுவர்களின் குருதியை ஆராய்ந்த மருத்துவர், தம் முடிவுகளை 2007-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நூறு மில்லிலிட்டர் குருதியில் சராசரியாக 15.3 மைக்ரோகிராம் காரீயம் காணப்பட்டது. அத்தொழில் நடவாத அண்டையூர்ச் சிறுவரிடம் அது 9.9 மைக்ரோகிராமாகவே இருந்தது. காரீயம் வளரும் குழந்தைகளின் மூளையைத் தாக்கி, கற்கும் ஆற்றலைக் குறைக்கும். எங்கோ ஒருவர் எறிந்த கணினி, அதனை ஒருநாளும் பயன்படுத்தியறியாத குழந்தையின் அறிவைக் குலைத்தது. பின்னர்ச் சீன அரசு அப்பட்டறைகளை ஒரு தொழிற்பேட்டைக்குள் அடக்கி நெறிப்படுத்த முற்பட்டது.

முறையான மறுசுழற்சி நிலையங்களில் வேலை வேறுவகையில் நடைபெறுகின்றது. முதலில் மின்கலங்களையும் நச்சுப் பகுதிகளையும் தொழிலாளர் கையால் கழற்றித் தனியே வைப்பர். எஞ்சியதைப் பொறிகள் துண்டு துண்டாக நறுக்கும். காந்தம் இரும்பை ஈர்த்துக்கொள்ளும். மாறுகின்ற காந்தப்புலம் அலுமினியத்தை வேறாக விலக்கித் தள்ளும். மின்சுற்றுப் பலகைகள் பேருலைகளுக்கு அனுப்பப்படும். பெல்ஜிய நாட்டில் ஆண்ட்வெர்ப் நகருக்கு அருகிலுள்ள ஹோபோக்கனில் இத்தகைய பேருலை ஒன்று உள்ளது. அங்கு உருகிய செம்பு பொன்னையும் பிற அரிய உலோகங்களையும் தன்னுள் வாங்கிக்கொள்ளும். பின்னர் அவை ஒவ்வொன்றாகப் பிரிக்கப்படும். உலைப்புகையும் வடிகட்டித் தூய்மை செய்யப்பட்ட பின்னரே வெளிவிடப்படும்.

வழி இவ்வாறு இருக்கவும், மக்கள் தம் கருவிகளை இந்நிலையங்களுக்குக் கொடுக்கத் தயங்குவதேன்? மூன்றாவதாகக் கூறிய மறைச்செய்தியே அதற்கு ஒரு பெருங்காரணம். ஒருவரின் கடிதங்களும், குடும்பப் படங்களும், வங்கிக் கணக்கும், கடவுச்சொற்களும் இன்று கருவிகளுக்குள்ளேயே இருக்கின்றன. அவை அயலார் கையில் சிக்குமோ என்று அஞ்சுவோர் கருவியைப் பெட்டியில் பூட்டிவைக்கின்றனர். அஞ்சாதவரோ அப்படியே விற்றுவிடுகின்றனர். முன்னவரால் செல்வம் வீணாகின்றது. பின்னவர் தம் மறைபொருளை இழக்கின்றனர்.

செய்திகளைத் தாமே அழித்துவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அஃதன்று. நூலின் பொருளடக்கப் பக்கத்தைக் கிழித்துவிட்டால், உள்ளிருக்கும் பாடங்கள் மறைந்துவிடா. அவை எந்தப் பக்கத்தில் உள்ளன என்பது மட்டுமே தெரியாது போகும். கணினியின் வன்தட்டிலுள்ள கோப்பை நீக்கும்போதும் இதுவே நிகழ்கின்றது. கணினி தன் அட்டவணையிலிருந்து அக்கோப்பின் பெயரை விலக்கிவிடும். செய்தியோ அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை அழியாதிருக்கும். அதனை மீட்கும் வழிகள் பல உள்ளன.

அமெரிக்காவில் மாசச்சூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர்களான சிம்சன் கார்பிங்கல், அபி செலத் என்னும் இருவர் இதனை ஆராய்ந்து காட்டினர். அவர்கள் 2000-ஆம் ஆண்டு நவம்பர் முதல் 2002-ஆம் ஆண்டு ஆகஸ்டு வரை, பிறர் பயன்படுத்திக் கழித்த 158 வன்தட்டுகளை விலைக்கு வாங்கினர். அவற்றுள் 129 இயங்கும் நிலையில் இருந்தன. செய்தி முற்றும் நீங்கியிருந்தவை பன்னிரண்டே! மற்றவற்றிலிருந்து 5,000-க்கு மேற்பட்ட கடன் அட்டை எண்களும், நோயாளிகளைப் பற்றிய குறிப்புகளும் கிடைத்தன. ஒரு வன்தட்டு, வங்கியின் பணம் வழங்கும் பொறியிலிருந்து கழற்றப்பட்டது. அதில் ஓராண்டுக் கணக்கு வழக்குகள் அப்படியே இருந்தன.

அலுவலகங்கள் இவ்வகையில் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும். நகலெடுக்கும் பொறிகள் பலவற்றிலும் வன்தட்டு உண்டு. நகலெடுத்த தாள்களின் உருவங்கள் அதில் தங்கிவிடுவதுண்டு. நியூயார்க் நகரத்து நலக் காப்பீட்டு நிறுவனம் ஒன்று, வாடகைக்கு எடுத்த நகற்பொறிகளை, வன்தட்டுகளை அழிக்காமலே திருப்பித் தந்துவிட்டது. பின்னர் அவற்றுள் ஒன்றை வாங்கிய தொலைக்காட்சி நிறுவனத்தார் நோயாளிகளின் குறிப்புகளை அதில் கண்டனர். மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோரின் செய்திகள் வெளிப்பட்டிருக்கலாம் எனக் கணக்கிடப்பட்டது. 2013-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் 12,15,780 டாலர் செலுத்த நேர்ந்தது. தீய எண்ணம் யாருக்கும் இல்லை. பொறிக்குள்ளும் நினைவு உண்டு என்பதை எண்ணாமையே இழப்புக்குக் காரணமாயிற்று.

ஆகவே, கருவியைக் கைவிடுமுன் செய்ய வேண்டிய கடமைகள் சில உள. வேண்டிய படங்களையும் கோப்புகளையும் முதலில் வேறிடத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் கருவியோடு இணைந்த கணக்குகளிலிருந்து வெளியேறுதல் வேண்டும். சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் கழற்றிக்கொள்ளல் வேண்டும். இறுதியாக, கருவியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கு மீட்டல் வேண்டும். அண்மைக்காலக் கைப்பேசிகள் பெரும்பாலும் செய்திகளைப் புரியாத குறிகளாக மாற்றியே சேமிக்கின்றன. மீட்டலின்போது அக்குறிகளைத் திறக்கும் திறவுகோல் அழிக்கப்படுகின்றது. திறவுகோல் போனபின் பெட்டகம் இருந்தும் பயனில்லை அன்றோ?

கணினி வன்தட்டின் எல்லாப் பகுதிகளிலும் வேறு எழுத்துகளை மேலெழுதினால் பழைய செய்தி மறையும். சில்லுகளால் ஆன நினைவகங்களுக்கு இம்முறை மட்டும் போதாது. அவை எழுத்தை வெவ்வேறு அறைகளில் மாற்றி மாற்றி இடுமாதலால் சில அறைகள் எட்டாமற் போகக்கூடும். அவற்றை ஆக்கியோர் அமைத்துள்ள அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்துதலே தக்கது. மிக நுட்பமான செய்திகளைக் கொண்ட அலுவலகங்கள் வன்தட்டுகளைப் பொறியிலிட்டு நறுக்கிவிடுகின்றன. அச்சம் மிகுந்து வீட்டில் கைப்பேசியைச் சுத்தியலால் உடைப்பதோ பெருந்தவறு. அதனுள் உள்ள லித்தியம் மின்கலம் துளைபட்டாலும் நசுங்கினாலும் தீப்பற்றும். உப்பிய மின்கலத்தை அழுத்துதலும் ஆகாது.

செய்தியை அழித்தபின், கருவியை யாரிடம் கொடுப்பது? இன்னும் இயங்கும் கருவியாயின் பழுதுநீக்கிப் பிறர்க்குக் கொடுத்தலே முதல் அறம். சென்னையின் ரிச்சி தெருவில் பழைய கருவிகளுக்கு மறுவாழ்வு தரும் கைத்திறனாளர் பலர் உளர். பழுதுநீக்க இயலாதவை பதிவுபெற்ற மறுசுழற்சி நிலையத்துக்கே செல்லுதல் வேண்டும். இந்திய அரசு மின்னணுக் கழிவு பற்றிய விதிகளை 2011-ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்டது. 2016-ஆம் ஆண்டிலும் 2022-ஆம் ஆண்டிலும் அவற்றைத் திருத்தியமைத்தது. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, கருவிகளை விற்கும் உற்பத்தியாளரே அவற்றின் மறுசுழற்சிக்கும் பொறுப்பாவர். மறுசுழற்சி செய்வோர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்துகொள்ளல் வேண்டும். பெருந்தொகையாகக் கருவிகளைப் பயன்படுத்தும் அலுவலகங்கள் பதிவுபெற்றோரிடமன்றிப் பிறரிடம் கழிவைக் கொடுத்தல் கூடாது. அவ்வாறு கொடுக்கும்போது, செய்தி அழிக்கப்பட்டதற்குச் சான்றிதழ் பெற்றுக்கொள்ளுதல் அறிவுடைமை.

இவ்விரு கடமைகளும் ஒருங்கே நிறைவேறினால் விளையும் பயனுக்கு ஜப்பான் நாடு சான்றாகும். டோக்கியோ ஒலிம்பிக் பந்தயங்களுக்கு வேண்டிய ஏறத்தாழ 5,000 பதக்கங்களையும் பழைய கருவிகளிலிருந்தே செய்வதென அந்நாட்டார் உறுதிபூண்டனர். 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் 2019-ஆம் ஆண்டு மார்ச்சு வரை நாடெங்கும் கருவிகள் திரட்டப்பட்டன. கைப்பேசிக் கடைகளில் உரிமையாளரின் கண்முன்னரே கைப்பேசியைத் துளையிட்டு, அவர்தம் ஐயத்தைப் போக்கியதுண்டு. 78,985 டன் எடையுள்ள கருவிகளும், அவற்றுள் 62 இலட்சத்துக்கு மேற்பட்ட கைப்பேசிகளும் வந்து குவிந்தன. அவற்றிலிருந்து 32 கிலோகிராம் பொன்னும், 3,500 கிலோகிராம் வெள்ளியும், 2,200 கிலோகிராம் வெண்கலத்துக்கான உலோகமும் கிடைத்தன. 2021-ஆம் ஆண்டில் அப்பந்தயங்களில் வென்ற வீரர்களின் மார்பில் திகழ்ந்தவை, மக்கள் தம் இல்லங்களிலிருந்து கொடுத்த பழைய கருவிகளின் பொன்னும் வெள்ளியுமே ஆகும்.

நம்பிக்கை பிறந்தால் மக்கள் கொடுப்பர். கொடுத்தது நெறியான உலைக்குச் சென்றால் செல்வமாகத் திரும்பும் என்பதை இதனால் அறியலாம். கருவியை வாங்கும் நாளில் விலையையும் தரத்தையும் பலமுறை ஆராய்வோர் பலர். அதனை விடும் நாளிலும் அதே கருத்துடன் ஆராய்தல் வேண்டும். தம் மறைபொருளைத் தாம் காத்துக்கொள்ளுதல் ஒருவர்க்குத் தன் நலம். அக்கருவியின் நஞ்சு முகமறியாத தொழிலாளியையும் அவர்தம் குழந்தையையும் தீண்டாதவாறு காத்தல் பிறர் நலம். இவ்விரண்டனையும் பேணுவோரே கருவிகளைப் பயன்படுத்தும் தகுதி முற்றும் பெற்றவராவர்.