எல்லா உரிமையும் இருக்கு, ஆனா ஓனர் இல்லை

கணியூர்ல ஒரு பனியன் கம்பெனி. சாயத்துக்குப் போய் வரும் துணிக் கணக்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருக்கு. புது சர்வருக்கு மாத்தினாங்க. பதிவு ஏறுது, திருத்த முடியுது. லாட் எண்ணுக்குப் புதுசா ஒரு நெடுவரிசை சேர்த்தால் மட்டும் 'நீ இந்த டேபிளின் ஓனர் இல்லை' என்று பிழை.

“கிராண்ட் ஆல் கொடுத்தாச்சே?” என்று என்னிடம் கேட்டார்கள்.

குத்தகைக்காரர் உழலாம், அறுக்கலாம். நிலத்தை விற்க முடியாது. கிராண்ட் ஆல் அந்தக் குத்தகைதான். டேபிளின் அமைப்பை மாற்ற, ஓனராகவோ அந்த ரோலில் உறுப்பினராகவோ இருக்கணும்; இல்லாவிட்டால் சூப்பர்யூசர்.

பழைய யூசர் புது சர்வரில் இல்லை. அதனால் பேக்கப்பை மீட்டபோது, மீட்ட 'போஸ்ட்கிரெஸ்' யூசர் பெயருக்கே டேபிள்கள் போய்விட்டன. பிஜி_டேபிள்ஸ் பட்டியலில் 'டேபிள்ஓனர்' பார்த்தால் தெரியும்.

ஒரு யூசரின் டேபிள்களை மொத்தமாகக் கைமாற்ற 'ரீஅசைன் ஓன்டு' என்ற கட்டளை உண்டு. ஆனால் 'போஸ்ட்கிரெஸ்' யூசர் மேல் அது ஓடாது; அவர் பெயரில் டேட்டாபேஸின் சொந்த உறுப்புகளும் இருக்கு. 'ஆல்டர் டேபிள்... ஓனர் டூ' என்று டேபிள் டேபிளாகத்தான் மாற்றணும். இன்டெக்ஸ் கூடவே வரும். வியூக்களைத் தனியாக மாற்றணும்.

அவசரத்துக்கு ஆப்பின் யூசரை சூப்பர்யூசர் ஆக்கிடாதீங்க. பிழை மறையும், ஆனால் ஆப்பில் ஒரு ஓட்டை விழுந்தால் மொத்த சர்வரும் போகும். அடுத்த முறை யூசரை முதலில் உருவாக்குங்க, பிறகு பேக்கப்பை மீட்டெடுங்க.