மீனின் தீவனமும் தசையின் தரமும்: திம்புள்ளயிலிருந்து ஒரு நோக்கு

மீன் நெய்தலுக்குரியது, மலையகமோ குறிஞ்சி. ஆயினும் திம்புள்ளத் தேயிலைத் தோட்டங்களின் லயங்களுக்கு மீன் அந்நியமன்று. நெத்தலியாகவும் கருவாடாகவும் அது நெடுங்காலமாக உழைப்பாளர் உணவில் இடம்பெற்று வந்துள்ளது. இன்னொரு மீனும் இம்மலைகளுக்கு வந்தது. 1880களில் பிரித்தானியர் நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளில் ட்றவுட் மீனைக் கொணர்ந்து விட்டனர். தூண்டிலிட்டுப் பொழுதுபோக்குவதே அதன் நோக்கமாயிருந்தது. ஒரே மலையில் இரு வர்க்கங்களுக்கு இரு மீன்கள் என்ற இந்நிலையை மனங்கொண்டே, வளர்ப்பு மீனின் தசைத் தரத்தைத் தீவனப் புரதம் எவ்வாறு பாதிக்கின்றது என்னும் வினாவை நாம் ஈண்டு ஆராய விழைகின்றோம்.

முதலில் அறிவியல் கூறுவதை நோக்குவாம். மீனுக்கு உண்மையில் வேண்டப்படுவது புரதம் எனும் பொதுப் பொருளன்று. அதன் கூறுகளான அமினோ அமிலங்களேயாம். அவற்றுள் பத்தினை மீன் தன் உடலில் போதிய அளவு ஆக்கிக்கொள்ள இயலாது; தீவனத்திலிருந்தே பெறல் வேண்டும். இத்தேவை இனத்துக்கு இனம் வேறுபடும். ஊனுண்ணியான ட்றவுட்டுக்குத் தீவனத்தில் 40 முதல் 45 வீதம் வரை புரதம் வேண்டும். திலாப்பியாவுக்கும் கெண்டை இனங்களுக்கும் ஏறத்தாழ 30 வீதம் போதுமானது.

தீவனத்தில் புரதம் குறையுமிடத்து மீன் மெதுவாக வளர்கின்றது. தசையாக மாறாத சக்தி கொழுப்பாகக் குடலைச் சுற்றியும் தசையினுள்ளும் படிகின்றது. தேவைக்கேற்ற புரதம் கிடைக்கும்போது தசை செவ்வனே வளர்கின்றது. தேவையை மீறி ஊட்டப்படும் புரதமோ தசையாவதில்லை. அது சிதைக்கப்பட்டு எரிபொருளாகின்றது. அதிலுள்ள நைதரசன் அமோனியாவாகச் செவுள் வழியே வெளியேறி நீரை மாசுபடுத்துகின்றது. ஓர் எல்லைவரை வளர்ச்சிக்குக் காரணமாகும் அதே பொருள், எல்லை கடந்ததும் வீண்விரயமாகின்றது. அளவு மாற்றம் பண்பு மாற்றமாவதற்கு இதுவும் ஒரு சான்றாகும்.

புரதம் மிகுந்த தீவனம் புரதம் மிகுந்த மீனைத் தரும் என்பது பலரின் எண்ணம். இது பொருந்தாது. பெரும்பாலான மீன்களின் தசையில் புரதம் ஏறத்தாழ 16 முதல் 20 வீதம் வரை அமைகின்றது. இவ்வளவு இனத்தாலும் மீனின் பருமனாலும் பெரிதும் தீர்மானிக்கப்படுவது. தீவனத்தால் எளிதில் மாறுவதன்று. தீவனத்தால் மாறுவது கொழுப்பே. கொழுப்பு ஏறுமிடத்து நீர் குறையும். கொழுப்பு குறையுமிடத்து நீர் ஏறும். எனவே தரத்தை ஆள்வது புரதத்துக்கும் சக்திக்குமிடையிலான விகிதமேயாம். தீவனத்தில் போதிய கொழுப்பு இருப்பின் மீன் அதனை எரித்துப் புரதத்தைத் தசைக்கென மிச்சப்படுத்துகின்றது. கொழுப்பு மிகுந்தாலோ தசை எண்ணெய்ப் பிடிப்புற்று இளகிப் போகின்றது.

தசையின் உறுதி, தசைநார்களின் பருமனையும் அவற்றைப் பிணைக்கும் கொலாஜனையும் சார்ந்தது. சுவையிலோ கொழுப்புக்கும், தசையில் தனித்து நிற்கும் அமினோ அமிலங்களுக்கும் பங்குண்டு. சந்தையில் ட்றவுட்டின் மதிப்பை உயர்த்தும் இளஞ்சிவப்பு நிறமோ புரதத்தால் வருவதன்று. தீவனத்திற் சேர்க்கப்படும் கரோட்டினொயிட் நிறப்பொருளாலேயே வருகின்றது. ஆகவே 'தரம்' எனப்படுவதில் ஊட்டம் ஒரு கூறு. வாங்குவோரின் கண்ணுக்கும் நாவுக்கும் உரிய கூறுகள் வேறு.

இங்குதான் வினா சமூகவியலின் எல்லையைத் தொடுகின்றது. ட்றவுட் போன்ற ஊனுண்ணி மீன்களின் தீவனப் புரதம் மரபாக மீன்மாவிலிருந்து பெறப்பட்டது. மீன்மாவின் பெரும்பகுதி பேரு நாட்டின் நெத்தலி போன்ற சிறுமீன்களை அரைத்துப் பெறப்படுவது. உண்ட புரதத்தில் பாதிக்கும் குறைவே பொதுவாக மீனின் உடலில் தங்குகின்றது என்பதையும் சேர்த்து நோக்கின், எளியோர் உண்ணத்தக்க இனத்துச் சிறுமீன் வசதி படைத்தோரின் தட்டிலுள்ள பெருமீனாக உருமாறும்போது இடைவழியில் எவ்வளவு இழக்கப்படுகின்றது என்பது தெளிவாகும். இலைசீன், மெதியோனின் ஆகியவற்றின் குறையை ஈடுசெய்தால் சோயாப் புரதம் மீன்மாவின் பெரும்பகுதிக்குப் பதிலாக அமையவல்லது. ஆனால் மீன் எண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயை இடுமிடத்துத் தசையிலுள்ள நீண்ட ஒமேகா-3 கொழுப்பமிலங்கள் குறைந்துவிடும்.

இலங்கையின் 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாட்டில் 17.3 வீதம், தோட்டத்துறையில் 31.7 வீதம். வளர்ச்சி குன்றலுக்குத் தாயின் ஊட்டநிலை, நோய்த்தொற்று, குடிநீர், வருமானம் எனப் பல காரணிகள் உண்டு. மீன் மட்டும் அதற்கு மருந்தாகாது. எனினும் உயர்தரப் புரதத்தின் பற்றாக்குறை அவற்றுள் ஒன்றென்பதில் ஐயமில்லை. அக்குழந்தைக்குத் தசையின் நிறம் பொருட்டன்று. அமினோ அமிலங்களின் நிறைவே பொருட்டு. அந்நிறைவு மலிவான கெண்டையிலும் ட்றவுட்டிலும் ஏறத்தாழ ஒன்றே.

மலையகத்தின் ஆறுகளை மறித்து மின்சாரம் எடுக்கின்றோம். காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் 1960களில் எழுந்தன. தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியது. பெரிய நீர்த்தேக்கங்களில் மீன்குஞ்சுகளை விட்டு வளர்க்குமிடத்துத் தீவனமே இடவேண்டியதில்லை. நுண்ணுயிர்களையும் பாசியையும் அடிமட்டச் சிற்றுயிர்களையும் உண்டு கெண்டையினங்கள் வளரும். திலாப்பியா குளிரில் மந்தமாகவே வளருமாதலின், இவ்வுயரத்துக்குக் குளிர் தாங்கும் சாதாக் கெண்டை பொருத்தமானது. ஆனால் குஞ்சு விடுதல் பொதுக் கொள்கையைச் சார்ந்தது. 1990இல் நன்னீர் மீன்பிடிக்கான ஆதரவை அரசு விலக்கிக்கொண்டு 1994இல் மீண்டும் வழங்கியமை, அக்கொள்கை எவ்வளவு எளிதில் குலையும் என்பதைக் காட்டும்.

தீவனப் புரதம் பற்றிய ஆய்வு, எவ்வளவு புரதம் இட்டால் எத்தகைய தசை கிடைக்கும் என்பதை நன்கு விளக்குகின்றது. எந்த மீனை, எவருடைய நீரில், எவருக்காக வளர்ப்பது என்பதை ஆய்வுகூடம் தீர்மானிக்க இயலாது. தேயிலைக் கொழுந்துக்கு உரத்தை அளந்து இடும் தோட்ட நிருவாகம், கொழுந்து பறிப்பவளின் குழந்தைக்குரிய புரதத்தையும் அளந்து பார்க்குமாறு கோருவது தொழிற்சங்கங்களின் கடமையாகும். சான்றுகளைத் திரட்டித் தருவது நம்போன்றோரின் கடமையாகும்.