கிடை மறித்த நிலம்

என் தாத்தாவின் துறட்டி இன்னும் எங்கள் வீட்டு எரவாணத்தில் செருகியிருக்கிறது. இரண்டாள் உயர மூங்கில். நுனியில் கொல்லுப்பட்டறையில் அடித்த கொக்கி. கை பிடித்த இடம் மட்டும் வழவழவென்று கறுத்துக் கிடக்கிறது. கோடையில் புல்லெல்லாம் தீய்ந்த பிறகு உடைமரத்துக் காய்களை உலுக்கி ஆடுகளுக்குப் போட்ட கம்பு அது. விளாத்திகுளம் வட்டாரத்துக் கரிசலில் மானாவாரிப் புஞ்சையும் அறுபது செம்மறியும் வைத்துப் பிழைத்தவர் அவர். விவசாயியா, ஆட்டுக்காரரா என்று அவரை யாரும் கேட்டதில்லை. அன்று இரண்டும் ஒரே வேலை.

புரட்டாசியில் மழைக்கு முந்தியே விதைத்துவிடுவார். கருங்கண்ணிப் பருத்தி, ஊடே உளுந்தும் பாசிப்பயறும்; தள்ளி ஒரு துண்டில் கம்பு, குதிரைவாலி. கம்பந்தட்டை உழவுமாட்டுக்கு, பருத்திக்கொட்டையும் மாட்டுக்கு. பருத்தி எடுத்து முடித்த காட்டில் மிஞ்சிய இலையும் பிஞ்சும் ஆட்டுக்கு. அறுப்பு ஓய்ந்ததும் ஊர் ஆடுகள் ஒன்று சேர்ந்து கிடையாகும். இன்று இவர் புஞ்சை, நாளை அவர் புஞ்சை என்று இரவுக்கு இரவு இடம் மாறும்; ராத்திரி விழும் புழுக்கைதான் நிலத்துக்கு உரம். கிடை மறித்த நிலத்தை அடுத்த ஆண்டு யாரும் சொல்லாமலே கண்டுகொள்ளலாம். அந்தத் துண்டுப் பயிர் மட்டும் கருகருவென்று நிற்கும். எங்களுக்கு மேற்கே இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் ‘கிடை’ என்றே ஒரு குறுநாவல் எழுதியிருக்கிறார். அவரும் விவசாயிதான்.

பருத்தி தூத்துக்குடிக்குப் போனது. 1876இல் அந்த ஊருக்கு ரயில் வந்ததிலிருந்தே கரிசல் பருத்திக்கு அதுதான் வாசல். 1908இல் வ.உ.சி. முன்நின்ற வேலைநிறுத்தத்தால் பெயர்பெற்ற கோரல் மில்லும் அங்கேதான் இருந்தது. தாத்தா வண்டி கட்டிக்கொண்டு போன ஒரு பங்குனியில் கடற்கரையில் முத்துக்குளிப்பு நடந்துகொண்டிருந்ததாம். குவித்துப் போட்ட சிப்பி அழுகி, ஊருக்குள் வரும்போதே மூக்கைப் பிடிக்க வேண்டியிருந்ததாம். “அதுக்கு நம்ம கிடை நாத்தம் எவ்வளவோ தேவல” என்பார். 1961க்குப் பிறகு அந்தக் கடலில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. 1974இல் ஆழ்கடல் துறைமுகம் பெருந்துறைமுகமானது. தோணிகள் நின்ற ஊரில் இன்று பெட்டி பெட்டியாகக் கன்டெய்னர்கள் இறங்குகின்றன.

எங்கள் புஞ்சையில் கருங்கண்ணி இப்போது இல்லை. மில்காரர்கள் நீள இழை கேட்டார்கள், கருங்கண்ணியின் இழை குட்டை. பருத்தி எடுக்க ஆள் கிடைப்பதும் அரிதாயிற்று. இன்று கரிசலில் கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம், அதுவும் பெரும்பாலும் கோழித்தீவனத்துக்கு. உழவு டிராக்டரில், மணிக்கணக்கு வாடகைக்கு. தாத்தாவுக்கு நாலு நாள் பிடித்த உழவு ஒரு முற்பகலில் முடிகிறது. அப்பாவின் இடுப்பு வலி அவ்வளவுக்குக் குறைந்தது, அதை நான் சின்ன லாபமாக நினைக்கவில்லை. ஆனால் மாடு போனதும் தட்டைக்கு வேலை இல்லை. குப்பைமேடு போயிற்று, உரம் மூட்டையில் வருகிறது. 2018இல் படைப்புழு வந்த பிறகு, மருந்து அடிக்காமல் மக்காச்சோளம் வீடு வந்து சேருவதில்லை.

ஆட்டின் கதை வேறு. தாத்தா காலத்தில் நோய் ஒன்று மந்தைக்குள் புகுந்தால், விடிவதற்குள் குழி தோண்ட வேண்டியதுதான். ஐப்பசி மழையில் வாய் வீங்கி நாக்கு நீலம்பாரித்து ஆடுகள் சாய்ந்ததை ‘வெக்கை’ என்று பொதுவாகச் சொன்னார்களே தவிர, தடுக்க வழி தெரியாது. இன்று நீலநாக்கு நோய்க்கும் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் தடுப்பூசி உண்டு. 1962 என்று அழைத்தால் கால்நடை மருத்துவ வண்டி வருகிறது. 2011இல் தொடங்கிய திட்டத்தில் ஏழைப் பெண்களுக்கு ஆளுக்கு நாலு ஆடு விலையில்லாமல் கிடைத்தது. கிடையில் ஆடு ஆண்கள் கையில் இருந்தது; வீட்டுப் பின்னால் கட்டிய நாலு ஆட்டை விற்ற பணம் பெண்கள் முந்தானையில் முடிந்தது. எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்கு நானும் போகிறேன். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசிய காலம் தாத்தாவுடையது. இன்று விலை எப்படிப் படிந்தாலும் பணம் செல்போனில் ஏறுகிறது. தீபாவளிக்கு முந்தைய சந்தையில் கோடிக்கணக்கில் கை மாறுகிறது. தாத்தா கேட்டால் நம்பமாட்டார்.

அவர் வைத்திருந்தது வேம்பூர் ஆடு. வெள்ளை உடம்பில் செம்பழுப்புப் பொட்டு. பொட்டு ஆடு என்றுதான் சொல்வோம். எடைக்காக வேற்றினக் கிடாய்களைச் சேர்த்ததில் எங்கள் பக்கத்து மந்தைகளில் அந்தப் பொட்டு கலைந்துவிட்டது.

போன சித்திரையில், மக்காச்சோளம் ஒடித்த காட்டில் கிடை மறிக்க அப்பா ஆள் சொல்லி அனுப்பினார். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து முந்நூறு ஆட்டோடு வந்தார் கிடைக்காரர். ஆடுகளை வரப்பிலேயே நிறுத்திவிட்டு முதலில் கேட்டது இதுதான்: “அண்ணாச்சி, கடைசியா எப்ப மருந்து அடிச்சீக?”

“ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு.”

அவர் ஒரு தட்டையை ஒடித்து மோந்து பார்த்தார். இன்னொன்றையும் ஒடித்தார். பிறகுதான் ஆட்டை விட்டார். மழையில்லாமல் வாடிய இளஞ்சோளத்தில் ஆட்டை விடாதே, விஷம் என்று தாத்தா சொல்வது எனக்கு நினைவு வந்தது. அது நிலம் வைத்த விஷம், பார்த்தாலே தெரியும். இதற்கு மோந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அன்று கிடைக்குக் கூலி தானியமும் ராத்திரிச் சாப்பாடும். இன்று ஓர் இரவுக்கு இவ்வளவு என்று ரூபாய்க் கணக்கு. ஆனாலும் அம்மா சோறு போட்டாள், அவரும் மறுக்கவில்லை. தன் மகன் தூத்துக்குடியில் கன்டெய்னர் யார்டில் இருக்கிறான், மாதச் சம்பளம், ஞாயிறு லீவு என்றார். சொல்லும்போது முகம் மலர்ந்திருந்தது. இந்த ஆடுகள் அவருக்குப் பிறகு யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

மூன்றாம் இரவு முடிந்ததும், இன்னும் இரண்டு ராத்திரி இருக்க முடியுமா என்று அப்பா கேட்டார். கிடைக்காரர் அருப்புக்கோட்டைப் பக்கம் வாக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லி, விடிவதற்குள் நாலுவழிச் சாலையைத் தாண்ட வேண்டும் என்றார். நானும் டார்ச்சோடு போனேன். நாலு மணி இருட்டில், துறைமுகத்திலிருந்து வந்த கன்டெய்னர் லாரி ஒன்று எங்கள் வெளிச்சம் கண்டு நின்றது. முந்நூறு ஆடும் கடந்து முடியும்வரை டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை.