காணாத புலியைக் கணக்கிடுவோர்

சென்ற தவணையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு நம் நாட்டுச் சின்னத்தைப் பற்றிப் பாடம் நடத்தினேன். சின்னத்தின் இருபுறமும் நிற்கும் புலிகளைச் சுட்டிக்காட்டி, தீபகற்ப மலேசியக் காடுகளில் 150 புலிகள்கூட இல்லை எனக் கணக்கெடுத்துள்ளார்கள் என்றேன். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, காட்டுக்குள்ளே புலியை யார் எண்ணினார்கள்? எண்ணும்வரை அது நிற்குமா?" என வினவினான். வகுப்பே சிரித்தது. எனினும் அது சிரித்து ஒதுக்கத்தக்க வினா அன்று.

அக்கணக்கு, 2016 முதல் 2020 வரை நடைபெற்ற முதலாவது தேசியப் புலிக் கணக்கெடுப்பில் கிடைத்தது. பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறை அதனை முன்னின்று நடத்தியது. அறிக்கை எழுதிய அறிஞர்களுக்கு அடித்தளமாக நின்றோர், காட்டில் நடந்து திரிந்த கள ஆய்வு உதவியாளர்களே. ஒராங் அஸ்லி மக்களும் இத்தகைய பணியில் ஈடுபடுகின்றனர். காட்டு வழியை அவர்களைவிட அறிந்தவர் யார்?

பகாங், கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் தாமான் நெகாராவை எண்ணிப் பாருங்கள். அதன் நடுக்காட்டுக்குச் சாலை கிடையாது. படகு செல்லுமட்டும் சென்று, பிறகு அரிசி, நெத்திலி, கூடாரத் துணி, புகைப்படக் கருவிகள் அனைத்தையும் முதுகில் சுமந்து நாள்கணக்கில் நடக்க வேண்டும். அட்டைக்கடியைப் பற்றி நம் தோட்டத்தாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வரைபடத்தில் காட்டைக் கட்டங்கட்டமாகப் பிரித்திருப்பர். ஒவ்வொரு கட்டத்திலும் புலி நடமாடக்கூடிய மலைமுகட்டு வழியையோ பழைய மரவெட்டுப் பாதையையோ தேடிக் கண்டு, அதன் இருமருங்கிலும் மரங்களில் ஏறத்தாழ முழங்கால் உயரத்தில், எதிரெதிராக இரு கருவிகளைக் கட்டுவர். உடற்சூடுள்ள விலங்கு குறுக்கே சென்றால் கருவி தானே படம் பிடித்துவிடும். ஒன்று போதாதா என்பீர்கள். புலியின் வரிகள் நம் கைரேகை போன்றவை. ஒன்றின் வரி மற்றொன்றுக்கு இராது. அதுமட்டுமன்று, ஒரே புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும்கூட வேறுவேறு. ஒரு பக்கப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு புலியை இரண்டென எண்ணிவிட நேரும்.

சில வாரங்கள் கழித்து அதே மலையில் மீண்டும் ஏறி, மின்கலத்தை மாற்றி, படங்கள் பதிந்த மெமரி கார்டை எடுத்து வருவர். கருவிக்குள் எறும்பு கூடு கட்டியிருக்கும். சிலவற்றை யானை பிய்த்து எறிந்திருக்கும்; யானைக்கு அதன்மேல் என்ன கோபமோ!

மாதக்கணக்கில் காத்திருந்த கருவியில் காட்டுப் பன்றியும் கேளையாடும் மட்டுமே விழுந்திருக்கலாம். புலி இல்லை என்பதையும் அப்படியே எழுத வேண்டும். பால் குறைந்த நாளில் குறைந்த எடையையே புத்தகத்தில் ஏற்றும் நேர்மையான கிராணியாரைப் போன்ற வேலை இது. எங்கே புலி உண்டு, எங்கே அற்றுப்போயிற்று என்று தெரிந்தால்தான் காவற்படையை எங்கே அனுப்புவது என முடிவு செய்ய இயலும். திருட்டு வேட்டைக்காரர் வைக்கும் கம்பிக் கண்ணிகள் புலிக்கும் எமன், அதன் இரையாகிய மானுக்கும் எமன். கண்ணியைக் கண்ட இடத்தையும் உதவியாளர் குறித்துத் தெரிவிப்பார்.

புலி வாழும் காட்டுக்கா பிள்ளையை அனுப்புவது எனத் தாய்மார் அஞ்சுவர். புலி பெரும்பாலும் மனிதரைக் கண்டு விலகிச் செல்லும். அஞ்சத்தக்கவை வேறு: மலையில் பெய்த மழையால் திடீரெனப் பொங்கும் ஆறு, இரவில் முறிந்து விழும் பட்ட கிளை. ஆகவே கூடாரம் அடிக்குமுன் அண்ணாந்து பார்ப்பது முதற்பாடம்.

வினாத் தொடுத்த மாணவன் இப்போது காலை வேளைகளில் பள்ளித் திடலோரச் சேற்றில் தடம் தேடுகிறான். நாள், நேரம், இடம் யாவும் முறையாக ஏட்டில் குறித்து வைத்துள்ளான். இதுவரை நாய் நான்கு, கோழி பல, மரநாய் ஒன்று.