உங்களுக்குத் தெரியுமா? கொங்குநாட்டை ஆண்ட சென்னை கவர்னர்கள்

1799 மே மாதம் திப்பு சுல்தான் வீழ்ந்தார். அவர் வசமிருந்த கொங்குச் சீமை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. அப்போதைய கவர்னர் எட்வர்டு கிளைவ். பிளாசியில் வென்ற ராபர்ட் கிளைவின் மகன்.

அடுத்து வில்லியம் பெண்டிங்க். சதியை ஒழித்தவர் என்று பள்ளியில் படிக்கிறோமே, அவரேதான். அவர் இங்கே கவர்னராக இருந்த 1805-இல்தான் கம்பெனியை எதிர்த்துப் போரிட்ட தீரன் சின்னமலை சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். பாடப்புத்தகம் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1806-இல் வேலூர்ப் புரட்சி வெடித்தது. அதனால் மறு ஆண்டே பெண்டிங்க் திருப்பி அழைக்கப்பட்டார்.

தாமஸ் மன்றோ (1820–1827) வேறு ரகம். இளம் வயதில், தருமபுரி–கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாராமகாலில் ஊர் ஊராகப் போய் நிலம் அளந்து வரி நிர்ணயித்தவர். இடையில் ஜமீன்தார் இல்லாமல், உழவரிடமே அரசு நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்காக விடாமல் வாதாடி நிலைநாட்டினார். இன்று நம் தோட்டத்துப் பட்டாவில் தனித்தனிப் பெயர் இருப்பது அந்த வழியில் வந்ததே. 1827-இல் சுற்றுப்பயணத்தின்போது பத்திகொண்டாவில் காலராவுக்குப் பலியானார்.

கடைசி ஆங்கிலேயக் கவர்னர் ஆர்ச்சிபால்டு நை. சுதந்திரம் வந்த பிறகும் 1948 செப்டம்பர் வரை பதவியில் இருந்தார். அவரிடமிருந்து பொறுப்பேற்றவர் பாவ்நகர் மகாராஜா கிருஷ்ணகுமார்சிங்ஜி.