சாப்பாட்டுக்கூடம் யார் பெயரில் இருக்கிறது?
மூத்தோர் குடியிருப்பில் வீடு வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும் தெரிந்திருக்க வேண்டியவை

மூத்தோர் குடியிருப்பில் வீடு பார்க்கப் போகிறவர்கள் பட்டாவைப் பார்க்கிறார்கள், தாய்ப்பத்திரம் கேட்கிறார்கள், வில்லங்கச் சான்று எடுக்கிறார்கள். எல்லாம் அவசியம்தான். ஆனால் குடியேறிய பிறகு வரும் சிக்கல்கள் வேறு வகையானவை. மாதக் கட்டணம் சொல்லாமல் கொள்ளாமல் ஏறுகிறது. இரவிலும் நர்ஸ் இருப்பார் என்றார்கள், பகலில் மட்டும் வருகிறார். சமையல் குத்தகைக்காரர் மாறியதும் சாப்பாடு வாயில் வைக்க முடியாமல் போகிறது. கேள்வி கேட்டால், "பிடிக்கவில்லை என்றால் விற்றுவிட்டுப் போங்கள்" என்று பதில் வருகிறது. எழுபத்தைந்து வயதில் எங்கே போவது?

2011 கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் அறுபதைத் தாண்டியவர். பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, பெற்றோர் மட்டும் தனித்திருக்கும் வீடுகள் பெருகிவிட்டன. கோவையைச் சுற்றி வடவள்ளி, துடியலூர், தொண்டாமுத்தூர் பக்கங்களில் மூத்தோருக்கென்றே குடியிருப்புகள் எழுந்ததற்கு இதுதான் காரணம். நல்ல காற்றும் சிறுவாணித் தண்ணீரும் பெரிய மருத்துவமனைகளும் அந்த ஊருக்குத் துணை நின்றன.

அங்கே நடக்கும் வாழ்க்கை உண்மையிலேயே நல்ல வாழ்க்கை. காலையில் நடக்கப் பத்துப் பேர் துணை உண்டு. அடுப்படி வேலை இல்லை. குளியலறையில் வழுக்கி விழுந்தால் அழுத்த ஒரு அவசர மணி உண்டு. மாலையில் பஜனை, சீட்டு, அரட்டை. துணையை இழந்தவர் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டியதில்லை. இந்த வாழ்க்கை முழுவதும் சமையற்காரர், நர்ஸ், எலக்ட்ரீஷியன், காவலாளி, வண்டி ஓட்டுநர் ஆகியோரின் அன்றாட உழைப்பின் மேல் நிற்கிறது. அவர்களுக்குச் சம்பளம் தருவது யார், அவர்களை மாற்றும் அதிகாரம் யாரிடம் என்பதைப் பொறுத்தே உங்கள் மிச்ச ஆண்டுகள் அமையும்.

நீங்கள் வாங்குவது இரண்டு பொருள்

ஒன்று வீடு, மற்றொன்று சேவை. வீட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு வலுவாக இருக்கிறது. சேவைக்கு அப்படி இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் ஏமாற்றம் தொடங்குகிறது.

வீட்டுக்கான பெரிய அரண், 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (ரெரா). நிலப்பரப்பு 500 சதுர மீட்டருக்கு மேலோ, வீடுகள் எட்டுக்கு மேலோ இருந்தால், திட்டத்தை ரெரா ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம்கூடச் செய்யக் கூடாது. ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. சொன்ன தேதியில் வீட்டை ஒப்படைக்காவிட்டால், வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கலாம்; அல்லது வீடு கைக்கு வரும்வரை மாதாமாதம் வட்டி கேட்கலாம். ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், சொன்ன 30 நாளில் பில்டர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். விளம்பரத்திலோ கையேட்டிலோ பொய் சொல்லியிருந்தால் இந்தச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி இழப்பீடு உண்டு. அதனால் வழவழப்புத் தாளில் அச்சடித்துக் கொடுத்த கையேட்டைக் குப்பையில் போடாதீர்கள். அது சாட்சி.

இதே சட்டம், திட்டத்தில் காட்டப்பட்ட சமுதாய வசதிகளையும் பொதுப் பகுதியாகவே கணக்கிடுகிறது. பொதுப் பகுதிகளைக் குடியிருப்போர் சங்கத்தின் பெயருக்கு எழுதிக்கொடுக்கும் கடமை பில்டருக்கு உண்டு. இங்கேதான் தலைப்பில் கேட்ட கேள்வி வருகிறது. சாப்பாட்டுக்கூடம், சமையலறை, மருத்துவ அறை, விருந்தினர் அறைகள் ஆகியவை அனுமதி பெற்ற வரைபடத்தில் பொதுப் பகுதியா, அல்லது பில்டரோ அவருடைய வேறொரு நிறுவனமோ தனக்கென்று வைத்துக்கொண்ட தனிச் சொத்தா? பொதுப் பகுதி என்றால், சமையல் சரியில்லாதபோது சங்கம் வேறு ஆளை அமர்த்தலாம். தனிச் சொத்து என்றால், உங்கள் சமையலறைக்கு வேறொருவர் வாடகை வசூலிப்பார். அவரை மாற்ற உங்களால் முடியாது. முன்பணம் கொடுக்கும் முன் வரைபடத்தின் நகலை வாங்கி, ஒரு வழக்கறிஞரிடம் இந்த ஒரு கேள்வியையாவது கேளுங்கள்.

சேவைக்குச் சட்டம், நீங்கள் கையெழுத்திடும் ஒப்பந்தம்தான்

ஓய்வுக்கால இல்லங்களுக்கென்று மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் மாதிரி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பில்டர், சேவை நிறுவனம், வீடு வாங்குபவர் என்று மூன்று தரப்பும் சேர்ந்து ஒப்பந்தம் எழுத வேண்டும் என்பது அதன் முக்கியமான யோசனை. சாய்தளம், வழுக்காத தரை, சக்கர நாற்காலி நுழையும் வாசல், கைப்பிடிக் கம்பி போன்றவற்றையும் அது வலியுறுத்துகிறது. ஆனால் அது மாதிரி மட்டுமே; தானாகவே எவரையும் கட்டுப்படுத்தாது. அந்த யோசனையை உங்கள் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்தால்தான் பலன்.

வாயால் சொன்ன வாக்குறுதி அந்த விற்பனைப் பிரதிநிதி வேலை மாறும் நாளோடு முடிந்துவிடும். கீழ்க்கண்டவை எழுத்தில் இருக்கட்டும்:

• மாதக் கட்டணம் எவ்வளவு, ஆண்டுக்கு அதிகபட்சம் எத்தனை சதவீதம் ஏற்றலாம், ஏற்ற யார் ஒப்புதல் வேண்டும்.
• சாப்பாட்டுக் கட்டணம் கட்டாயமா? ஊருக்குப் போகும் நாட்களில் கழிவு உண்டா? சர்க்கரை நோயாளிக்கும் உப்பு குறைக்க வேண்டியவருக்கும் தனிச் சமையல் உண்டா?
• நர்ஸ் எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை? ஆம்புலன்ஸ் வளாகத்திலேயே நிற்குமா, கூப்பிட்டால் வருமா? செலவு யாருடையது?
• கார்பஸ் நிதி (எதிர்காலப் பராமரிப்புக்கென்று எல்லோரிடமும் வாங்கிச் சேர்க்கும் தொகை) எந்த வங்கிக் கணக்கில், யார் கையெழுத்தில் இருக்கும்? சங்கத்திடம் எப்போது ஒப்படைக்கப்படும்?
• சேவை நிறுவனம் விலக எத்தனை மாத அறிவிப்பு தர வேண்டும்? அதுவரை சமையலும் மருத்துவமும் தொடருமா?
• வீட்டை விற்கும்போது பில்டருக்குப் பெயர் மாற்றக் கட்டணம் தர வேண்டுமா? அவரிடமே விற்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா?

வீட்டை வாங்காமல், வைப்புத்தொகை கொடுத்துக் குடியேறும் இடங்களும் உண்டு. அங்கே உங்களிடம் இருப்பது தங்கும் உரிமை மட்டும். வைப்புத்தொகையில் எவ்வளவு, எத்தனை நாளில், யாரிடம் திரும்பி வரும் என்று எழுதியிருக்க வேண்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாத தாள் நீதிமன்றத்தில் கைகொடுக்காது.

யாரும் கேட்கத் தயங்கும் மூன்று கேள்விகள்

முதலாவது, படுத்த படுக்கையானால்? மறதி நோய் வந்தால்? இந்தக் குடியிருப்புகள் பெரும்பாலும் தானாக நடமாடக் கூடியவர்களை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. தனிப் பராமரிப்பு ஆளை வீட்டோடு வைத்துக்கொள்ளலாமா, அவருக்குச் சாப்பாடு உண்டா, எந்த நிலையில் உங்களை வேறிடம் போகச் சொல்வார்கள், அதை முடிவு செய்வது மருத்துவரா மேலாளரா என்று தெளிவாகக் கேளுங்கள்.

இரண்டாவது, கணவன் மனைவியில் ஒருவர் மறைந்தால்? வீடு யார் பெயரில் இருக்கிறது என்பது அன்றுதான் தெரியவரும். பல வீடுகள் வெளிநாட்டுப் பிள்ளையின் பணத்தில், பிள்ளையின் பெயரிலேயே வாங்கப்படுகின்றன. பிள்ளை நல்லவராகவே இருக்கட்டும். அவருக்குக் கடன் வரலாம், மணமுறிவு வரலாம், அவரே முன்னால் போய்விடவும் கூடும். அப்போது அந்த வீட்டில் வாழும் தாய்க்குச் சட்டப்படி என்ன பிடிமானம்? கூட்டுப் பெயரில் வாங்குங்கள். முடியாவிட்டால், பெற்றோர் இருவருக்கும் வாழ்நாள் அனுபவ உரிமையைப் பதிவு செய்த ஆவணத்தில் எழுதி வையுங்கள்.

மூன்றாவது, நமக்குப் பின்? குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்டவர்களே குடியிருக்கலாம் என்ற விதி பல இடங்களில் உண்டு. வீட்டை மரபுரிமையாகப் பெறும் நாற்பது வயது மகள் அங்கே வசிக்க முடியாது. ஆனால் மெயின்டனன்ஸ் கட்ட வேண்டியிருக்கும். பூட்டிய வீட்டுக்கு எவ்வளவு கட்டணம் என்பதையும் கேளுங்கள். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட உயில் எழுதி வையுங்கள். மீள முடியாத நிலையில் செயற்கைக் கருவிகளால் உயிரை நீட்டிக்க வேண்டாம் என்று விரும்புகிறவர்கள் அதையும் எழுதி வைக்கலாம். 2018-இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது; 2023-இல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டெட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும் என்றது.

நிர்வாகம் குடியிருப்போர் கையில்

லண்டனின் வடக்கே ஹை பார்னெட்டில் நியூ கிரவுண்ட் என்ற குடியிருப்பு இருக்கிறது. ஐம்பது வயதைக் கடந்த பெண்கள் மட்டும் வாழும் 25 வீடுகள். 1998-இல் சில பெண்கள் கூடிப் பேசத் தொடங்கினார்கள்; 2016-இல்தான் குடியேற முடிந்தது. அத்தனை ஆண்டு இடம் தேடியும் பணம் திரட்டியும் விதிகளைத் தாங்களே வகுத்தும் வந்தார்கள். யார் அண்டை வீட்டார், பொதுச் சமையல் எந்த நாள், தோட்டத்தை யார் பார்ப்பது என்பதை அவர்களே கூடி முடிவு செய்கிறார்கள். மேலாளர் சொல்வதைக் கேட்டு நடக்கும் ஏற்பாடு அங்கே இல்லை.

நம் ஊரில் அப்படிப் புதிதாகக் கட்டுவது கடினம். ஆனால் கட்டி முடித்த இடத்தின் நிர்வாகத்தை எடுத்துக்கொள்ளச் சட்டமே வழி தருகிறது. பெரும்பான்மை வீடுகள் முன்பதிவான 3 மாதத்துக்குள் சங்கம் அமைய பில்டர் வழிசெய்ய வேண்டும் என்கிறது ரெரா சட்டம். அடுக்குமாடி வீடுகளுக்கு, 1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 வந்திருக்கிறது. சங்கம் இருந்தால் வரவு செலவைக் கேட்கலாம், தணிக்கை செய்யலாம், சமையல் குத்தகையை ஏலம் விடலாம். சங்கம் இல்லாத இடத்தில் ஒவ்வொருவரும் மேலாளரிடம் தனித்தனியாகக் கெஞ்ச வேண்டியதுதான்.

"நமக்கு எதற்கு இந்த வயதில் வம்பு" என்று ஒதுங்குவது புரிகிறது. ஆனால் வங்கியிலும் ரயில்வேயிலும் பள்ளியிலும் முப்பது நாற்பது ஆண்டு கணக்குப் பார்த்தவர்கள்தான் அந்த வளாகத்தில் இருக்கிறார்கள். ஒரு சங்கத்தை நடத்த இதைவிட நல்ல ஆட்கள் எங்கே கிடைப்பார்கள்?

சிக்கல் வந்துவிட்டால் எங்கே போவது?

எந்தப் புகாரானாலும் முதல் படி எழுத்துதான். மேலாளரிடம் நேரில் சொன்னதை அன்றே மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ அனுப்புங்கள். ரசீதுகளையும் சுற்றறிக்கைகளையும் தேதிவாரியாகக் கோப்பில் வையுங்கள்.

வீடு ஒப்படைப்பு, கட்டுமானக் குறை, பொதுப் பகுதியைச் சங்கத்துக்கு எழுதித் தராமை, பொய் விளம்பரம்: தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்.

சாப்பாடு, மருத்துவ உதவி, பராமரிப்பு போன்ற சேவைக் குறைகள்: நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. இணையவழியில் தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. குறை ஏற்பட்ட 2 ஆண்டுக்குள் போக வேண்டும். காரணமின்றி ஒருதலையாக ஒப்பந்தத்தை முறிக்கலாம் என்பது போன்ற நியாயமற்ற நிபந்தனைகளை எதிர்த்து மாநில ஆணையத்துக்குப் போகலாம். வழிகாட்டலுக்கு 1915 என்ற எண்ணில் பேசுங்கள்.

பிள்ளைகள் கைவிட்டால்: 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். பழைய வீட்டைப் பிள்ளைக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக்கொடுத்துவிட்டு இங்கே வந்தவர்கள் அந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவைத் தெரிந்துகொள்ள வேண்டும். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிய பத்திரத்தை, பிள்ளை பராமரிக்காவிட்டால் ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை வெளிப்படையாக இல்லாதபோது வழக்கு இழுபறியாகிறது. அதனால் எழுதும் அன்றே அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால், மூத்தோர் உதவி எண் 14567. பெண்களுக்கு வருமான வரம்பு ஏதுமின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

வீடு பார்க்கப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. விற்பனை அலுவலகத்தோடு திரும்பிவிடாதீர்கள். இரண்டு நாள் விருந்தினர் அறையில் தங்கி, மூன்று வேளையும் குடியிருப்போரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். மேலாளர் இல்லாத நேரத்தில், அங்கே ஐந்தாண்டாக இருப்பவர்களிடம் கேளுங்கள்: கட்டணம் எத்தனை முறை ஏறியது, கணக்கு காட்டுகிறார்களா, பொதுக்குழு கடைசியாக எப்போது கூடியது? இந்த மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால் அங்கே குடியேறலாம். கணவனும் மனைவியுமாகப் போய், பதில்களை இருவரும் கேளுங்கள்; நாளை அந்த வீட்டில் தனியாக இருக்கப்போவது உங்களில் யார் என்று இன்று தெரியாது.